எச்சில் நூல்

கைத்தறியைப் பார்த்திருப்பவர்களுக்கு நாடா என்பது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாவு நூல்களின் இடையே ஊடை நூலைச் சுமந்துகொண்டு இங்கும் அங்குமாக ஓடும் மரக்கட்டை அது. அதன் வயிற்றுக்குள் தார் இருக்கும். தாரிலிருந்து வரும் நூல் நாடாவின் பக்கவாட்டிலுள்ள சிறு துளை வழியாக வெளியே வந்தாக வேண்டும். விசைத்தறி ஓடும் வேகத்தில் தார் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். தொழிலாளி புதிய தாரைச் செருகி, துளையில் வாயை வைத்து, மூச்சை உள்ளிழுத்து நூலை வெளியே கொண்டுவருவார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற வேலை. ஒரே நாளில் இதை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டியிருந்தது. அந்த நாடாவை அடுத்த நேரவேலைக்கு வருபவரும் வாயில் வைப்பார்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் இதற்கு ‘நாடாவை முத்தமிடுதல்’ என்று பெயர். அங்கே இதற்கு எழுந்த எதிர்ப்பு மருத்துவக் காரணங்களால் எழுந்தது. காசநோய் பரவும், பற்கள் கெடும், பஞ்சுத்தூசும் எண்ணெயும் நுரையீரலுக்குள் போகும் என்றார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வாயால் உறிஞ்ச வேண்டிய நாடாக்களை 1911ல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. லங்காஷயரில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் முத்தம் தொடர்ந்தது.

இதே நாடா பம்பாய்க்கு வந்தபோது அதற்கு வேறொரு பொருள் ஏற்பட்டுவிட்டது. நோயைப் பற்றி அங்கே யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எச்சிலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாய் வைத்த நாடாவில் நாங்கள் எப்படி வாய் வைப்பது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அதன் விளைவாகப் பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவு மகர் முதலிய சாதியினருக்கு மூடிய கதவாகவே இருந்தது. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் நூற்புப் பிரிவு வேலைகள்: இழை அறுந்தால் முடிவது, நிறைந்த கதிர்களைக் கழற்றுவது, மற்றும் கூட்டுவது, சுமப்பது போன்றவை. ஆலையில் நல்ல கூலி கிடைத்த இடமோ நெசவுக் கூடம்தான். நூற்பில் நின்றவரின் வருமானம் நெசவாளியின் வருமானத்துக்கு வெகு கீழே இருந்தது.

எச்சில் என்ற காரணம் உண்மையான காரணம்தானா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதே நெசவுக் கூடங்களில் மராத்தியர்களும், வட இந்தியாவிலிருந்து வந்த ஜுலாஹா முஸ்லிம் நெசவாளர்களும் வேலை செய்தார்கள். ஆசாரத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பதென்றால் அந்த எச்சிலும் ஆகாதுதான். இருந்தும் அது சகித்துக்கொள்ளப்பட்டது. எனவே ஆசாரம் இங்கே யாரை வெளியே நிறுத்துவது என்பதற்குத்தான் பயன்பட்டது என்று கருத இடமிருக்கிறது. கூலி அதிகமுள்ள பிரிவில் போட்டிக்கு ஆள் வராமல் பார்த்துக்கொள்வதற்கு எச்சிலைவிடச் சௌகரியமான காரணம் கிடைப்பது அரிது.

இதில் வேறொரு கொடுமையும் உண்டு. விதர்ப்பப் பகுதியில் முரட்டுத் துணி நெய்வது மகர் சாதியினரின் பரம்பரைத் தொழில்களில் ஒன்று. தமிழகத்திலும் பறையர்களுள் கோலியர் எனப்பட்டவர்கள் நெசவாளர்களே. அவர்கள் நெய்த துணியை ஊரார் உடுத்தினார்கள். துணிக்குத் தீட்டு ஒட்டவில்லை. ஆலைத் துணி வந்து கைத்தறியை நசித்த பிறகு, தறியை விட்டுப் பட்டணம் வந்தவர்களிடம் நெசவுக் கூடத்தின் வாசலில், தறியைத் தொடாதே என்றார்கள்.

ஆலை முதலாளிகள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. ஆலைத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்த மோரிஸ் டேவிட் மோரிஸ் 1965ல் வெளியிட்ட நூலில், சாதியைக் காப்பதில் முதலாளிகளுக்கு அக்கறை இருக்கவில்லை என்ற கோணத்தில் இதைப் பார்க்கிறார். அக்கறை இல்லை என்பது சரியாக இருக்கலாம். ஆனால் ஆள் எடுக்கும் பொறுப்பை அவர்கள் ‘ஜாபர்’ என்ற மேஸ்திரியின் கையில் விட்டிருந்தார்கள். ஜாபர் தன் ஊரிலிருந்து, தன் உறவிலிருந்து, தன் சாதியிலிருந்து ஆள் பிடித்து வந்தார். வேலைக்குச் சேர்பவர் அவருக்குக் கையூட்டுக் கொடுத்தார். ஆளெடுப்பு இப்படி நடக்கிற இடத்தில் சாதிக்குத் தனியாக ஒரு சட்டம் தேவையே இல்லை.

1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பம்பாய் ஆலைகளில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தில்தான் இந்தக் கதவை அம்பேத்கர் தட்டினார். நெசவுப் பிரிவில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ள உரிமையைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று தம் மக்களிடம் சொல்லப்போவதாகத் தலைவர்களிடம் தெரிவித்தார். தலைவர்கள், அவர்களுள் கம்யூனிஸ்டுகளும் அடக்கம், மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். பட்டியல் முதலாளிகளிடம் போனபோது, இது அநியாயம் என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அவர்கள் சிரித்ததாக அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் கூறுகிறார். அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது என்பது நமக்குச் சங்கடம் தருகிறது. உழைக்கும் வர்க்கம் ஒன்றே என்று மேடையில் முழங்கியவர்கள் தங்கள் தறிக்கூடத்தில் அதை நடத்திக்காட்டவில்லை. மறுவருடம் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அம்பேத்கர் அதை எதிர்த்தார். அவரைக் கருங்காலிகளின் தலைவர் என்று ஏசியவர்கள் நெசவுக் கூடத்தின் கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பம்பாயில் பேச்சளவில் நின்றது, ஏழாண்டுகளுக்கு முன்பே சென்னையில் நெருப்பாக எரிந்திருந்தது. 1918 ஏப்ரல் 27ல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்கு உழைத்ததையும், திரு.வி.க. அதற்குத் தோள் கொடுத்ததையும் நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1921ல் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி. ராஜா அவர்களுக்கு வழிகாட்டினார். மிச்சம் பிடிக்க வழியில்லாத குடும்பங்களால் மாதக்கணக்கில் கூலியின்றி இருக்க முடியாது என்பது ஒரு காரணம். தெருவில் தங்களை விலக்கி வைக்கிறவர்கள் ஆலை வாசலில் மட்டும் தோழர் என்று அழைப்பதை நம்ப முடியவில்லை என்பது இன்னொன்று. நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது என்பதிலும் ஐயமில்லை.

ஜூன் 28ஆம் நாள் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கலவரம் மாதக்கணக்கில் ஓயவில்லை. ஆகஸ்டு இறுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள், அரசு அதிகாரிகள் ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுவதே கலகத்துக்குக் காரணம் என்றார்கள். எம்.சி. ராஜா 1923ல் அக்கட்சியை விட்டு வெளியேறியதற்குப் புளியந்தோப்பின் கசப்பும் காரணம். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. வாடியாவுக்கும் திரு.வி.க.வுக்கும் நம் நினைவில் கிடைத்த இடம் அந்தக் குடிசைகளுக்குக் கிடைக்கவில்லை. ஆலைகளும் 1996ல் மூடப்பட்டுவிட்டன.

விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் 1931ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஆளெடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்கி, அதற்கென்று தொழிலாளர் நல அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் 1935ல் பதிலித் தொழிலாளர்களுக்குப் பதிவு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாபரின் பிடி ஓரளவு தளர்ந்தது. நெசவுக் கூடத்தின் கதவு திறந்துவிடவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர் ஆலைகளின் நெசவுப் பிரிவைத் திரும்பவும் குறிப்பிட வேண்டியிருந்தது. ரயில்வேயில் தண்டவாளக் கூலியாக இருக்கும் தம் மக்கள் போர்ட்டராகக்கூட உயர முடியாததையும் அங்கே எடுத்துக்காட்டினார். போர்ட்டர் என்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், வீட்டுக்குள் இவரை விடமாட்டார்கள் என்பதுதான் காரணம். நாடாவின் இடத்தில் இங்கே வீட்டு வாசற்படி. அதே ஆண்டு நவம்பர் 7ல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே அவர் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கத்துக்கு அவர் பகைவர் என்ற பழைய குற்றச்சாட்டு இதற்குப் பிறகும் ஓயவில்லை என்பது வேறு விஷயம்.

வைஸ்ராய் நிர்வாக சபையில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943ல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளில் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. தனியார் ஆலைகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் என்று அடையாளம் தெரிகிற பெயரைத் தாங்கியவற்றுக்கு, உயர்சாதிப் பெயரைத் தாங்கியவற்றைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. அந்த விண்ணப்பதாரர்கள் யாரும் நேரில் போய் நிற்கவில்லை. காகிதம் மட்டும்தான் தபாலில் போனது.