செவிலிய மாணவர்களும் நோய் ஆதரவு சிகிச்சை பற்றிய புரிதலும்

உயிருக்கு ஆபத்தான நோயோடு வாழ்பவரின் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், ஆறாத புண், தூக்கமின்மை, அச்சம், குடும்பத்தாரின் தவிப்பு ஆகியவற்றைக் கண்டறிந்து தணிப்பது நோய் ஆதரவு சிகிச்சை. மருத்துவமனைகளில் பாலியேட்டிவ் கேர் என்றே இதைச் சொல்வார்கள். புற்றுநோயாளிகளுக்கு மட்டுமானது என்று பலர் எண்ணினாலும் இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், மறதிநோய் உள்ளவர்களுக்கும் இது தேவை. மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகும் கட்டிலருகே நிற்பவர் செவிலியர் என்பதால், இந்தச் சிகிச்சை நோயாளிக்குப் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பவர்களில் அவரும் ஒருவர். ஆகவே படிக்கும் காலத்திலேயே செவிலிய மாணவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது பல நாடுகளில் ஆய்வுப் பொருளாகியிருக்கிறது.

இத்துறையின் தொடக்கமே ஒரு செவிலியரிடம் இருந்தது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற சிசிலி சாண்டர்ஸ், முதுகு வலியால் செவிலியப் பணியைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பின்னர் மருத்துவம் படித்து 1957இல் பட்டம் பெற்றார். 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் உலகெங்கும் முன்மாதிரியானது. உடல், மனம், உறவு, ஆன்மிகம் என நான்கு பக்கமும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்று அவர் வகுத்ததுதான் இன்றும் செவிலியப் பாடநூல்களில் இப்பொருளுக்கு அடிப்படை. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் சேர்ந்து வலி மற்றும் நோய் ஆதரவுச் சங்கத்தை உருவாக்கினார்கள்.

பரவலான தவறான புரிதல்கள்

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கைவிரித்த பிறகு வருவதே நோய் ஆதரவு சிகிச்சை என்ற எண்ணம் மாணவர்களிடம் மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் தந்த வரையறையே குணப்படுத்தும் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நோயாளிகளைப் பற்றித்தான் பேசியது. 2002இல் அந்த வரையறை திருத்தப்பட்டு, நோயின் தொடக்கத்திலிருந்தே மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத் தர வேண்டியது என்றானது. திருத்தம் வந்த பிறகும் பழைய எண்ணம் வகுப்பறைகளை விட்டுப் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்களில் வாழ்வின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் 2 கோடியே 57 லட்சம் பேர்தான். அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது மரணத்தை ஒட்டிய சிகிச்சையே அல்ல. 2010இல் அமெரிக்காவில் ஜெனிபர் டெமலும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் தொடக்கத்திலேயே நோய் ஆதரவு சிகிச்சை பெற்றவர்கள் இடைநிலை அளவில் 11.6 மாதங்களும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்தார்கள். இந்த ஓர் ஆய்வை முதலாண்டு மாணவரிடம் விளக்கிச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது மார்ஃபின் பற்றிய பயம். மார்ஃபின் கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும், சீக்கிரம் இறந்துவிடுவார் என்ற மூன்று அச்சங்களும் சேர்ந்தே வருகின்றன. கடும் வலிக்கு அளவறிந்து மெல்ல மெல்ல உயர்த்தித் தரும்போது இவை மூன்றும் அரிது. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. மருந்து மிஞ்சினால் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் கூடும். கட்டிலருகே இருக்கும் செவிலியர் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். மார்ஃபினோடு ஏறக்குறைய எப்போதும் வரும் தொல்லை மலச்சிக்கல். மற்ற பக்கவிளைவுகள் நாளடைவில் பழகிப்போகும், இது பழகாது. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும். மூச்சு நின்றுவிடுமோ என்று நடுங்கும் மாணவர், நோயாளி ஐந்து நாளாக மலம் கழிக்கவில்லை என்பதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். அச்சம் தவறான இடத்தில் நிற்பதன் விளைவு இது.

வலி மருந்து தரும் நேரம் பற்றிய புரிதலும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டி, முடிந்தவரை வாய்வழியாகவும், கடிகாரத்தைப் பார்த்தும், படிப்படியாகவும் மருந்து தரச் சொன்னது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வீரியம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். எனவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். இரவில் எழுப்பாமலிருக்கப் படுக்கும்போது இரட்டிப்பு அளவு தருவது கேரளத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆனால் வார்டில் மாணவர் கேஸ் ஷீட்டைத் திறந்தால் வலி மருந்துக்கு நேராக எஸ்.ஓ.எஸ். என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். தேவைப்பட்டால் மட்டும் கொடு என்று அதற்குப் பொருள். வலி தாங்காமல் நோயாளி கேட்ட பிறகே மருந்து வரும் என்றால், அவர் ஒவ்வொரு முறையும் வலியை முழுதாக அனுபவித்தாக வேண்டும். நாட்பட்ட வலிக்குப் பெத்திடின் பொருந்தாது, அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் தேங்கி வலிப்பு வரலாம் என்பதும் மாணவர்கள் அதிகம் தவறவிடும் செய்தி. கடைசி நாட்களின் மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் உதவும் என்று சொன்னால் பலர் நம்பவே மறுக்கிறார்கள்.

கருணைக்கொலையையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மீள வாய்ப்பில்லாத நிலையில் செயற்கை உயிர்காப்பை நிறுத்தவும் அதற்கு முன்கூட்டியே உயில் எழுதி வைக்கவும் வழிவகுத்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்தக் குழப்பம் கூடியிருக்கக் கூடும். நோய் ஆதரவு சிகிச்சை மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை, வலிந்து தள்ளிப்போடுவதும் இல்லை.

அளவிடும் கருவிகள்

இத்துறையில் அறிவை அளக்க அதிகம் பயன்படும் வினாத்தாளைக் கனடாவின் ஒட்டாவாவில் மார்கரெட் ராஸ் தலைமையிலான குழு 1996இல் வெளியிட்டது. அதில் 20 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றில் 4 கூற்றுகள் சிகிச்சையின் கொள்கை பற்றியவை, 13 வலியும் பிற அறிகுறிகளும் பற்றியவை, 3 மட்டுமே மனநலமும் ஆன்மிகமும் பற்றியவை. செவிலியரின் அன்றாட வேலையில் பெரும் பங்கு இந்த மூன்றுக்குள் அடங்குவதால், இந்த வினாத்தாள் மருந்தறிவை நன்றாகவும் மற்றதை மேலோட்டமாகவும் அளக்கிறது என்றே சொல்ல வேண்டும். தெரியாது என்ற விடையைத் தனியாகப் பிரித்தது இதன் சிறப்பு. தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தவறாகத் தெரிந்தவர் அதையே செய்துவிடுவார்.

மனப்பான்மையை அளக்க அமெரிக்காவின் கேத்தரின் ஃப்ராமெல்ட் 1991இல் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது. இறக்கும் நிலையில் உள்ளவரைப் பராமரிப்பது பற்றிய 30 கூற்றுகளும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தர விடையும் கொண்டது.

கர்நாடகத்தில் டிப்ளமா செவிலியம் மூன்றாம் ஆண்டு படித்த 83 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2011இல் இந்திய நோய் ஆதரவு சிகிச்சை இதழில் வெளியானது. படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த அவர்களில் 43.4 விழுக்காட்டினரே பாலியேட்டிவ் கேர் என்ற சொல்லை அறிந்திருந்தார்கள். 79.5 விழுக்காட்டினரின் அறிவு குறைவாக இருந்தது. ஆனால் பெரும்பாலோரின் மனப்பான்மை சாதகமாகவே இருந்தது. படித்து முடித்து வேலைக்கு வந்தவர்களின் நிலையும் பெரிதாக மாறவில்லை. 2012இல் வெளியான இன்னோர் இந்திய ஆய்வில், ஒரு பல்துறை மருத்துவமனையின் 363 செவிலியர்கள் வேறொரு வினாத்தாளில் 20க்குச் சராசரியாக 7.16 மட்டுமே பெற்றார்கள். வேறு சில நாடுகளின் ஆய்வுகளிலும் மாணவர்களின் சராசரி பாதியைத் தாண்டவில்லை.

இந்த எண்களைப் பார்த்து மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். அக்கறை இருக்கிறது, செய்முறை தெரியவில்லை.

அறியாமை எங்கிருந்து வருகிறது

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது. போதைக் கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், மார்ஃபின் வாங்கவும் வைத்திருக்கவும் பல உரிமங்கள் கேட்டதால், மருத்துவமனைகள் அந்த மருந்தையே கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சரிந்து 1997இல் வெறும் 18 கிலோவானது. உலகுக்கு அபினி விற்ற நாட்டில் இந்த நிலை. அந்த ஆண்டுகளில் படித்துப் பணியாற்றிய செவிலியர்களில் பலர் வாய்வழி மார்ஃபினைக் கண்ணால் கண்டதே இல்லை. இன்று கற்பிப்பவர்களும் வார்டு பொறுப்புச் செவிலியர்களும் அந்தத் தலைமுறையிலிருந்தே வந்தவர்கள். கொடுத்துப் பழகாத மருந்தைப் பற்றி அவர்கள் மாணவருக்குத் தந்தது பயம் மட்டுமே.

பேச்சும் அதேபோல் மறைந்து போகிறது. நம் வார்டுகளில் மகனோ மருமகனோ செவிலியரை ஓரமாக அழைத்து, "அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்று சொல்வது அன்றாடம் நடப்பது. அன்பினால் சொல்வதுதான். அன்றிரவே அந்த அப்பா, டெம்பரேச்சர் பார்க்க வந்த மாணவியிடம், "ஏம்மா, எனக்கு என்னதான் வியாதி?" என்று கேட்பார். பெரியவர்கள் ஒளிக்கும் உண்மையை இருபது வயதுப் பெண் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் மனம் வராது. "டாக்டரைக் கேளுங்க தாத்தா" என்று நகர்ந்துவிடுவாள். நோயைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு அவளுடையது அல்ல. ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு என்னன்னு தோணுது தாத்தா?" என்று திருப்பிக் கேட்பது அவளுடைய வேலைக்குள் வருவதுதான். அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டுப் பொறுப்புச் செவிலியரிடம் சொல்வதும் அப்படியே. உணர்ச்சிவசப்படாமல் விலகி நிற்பதே தொழில்முறை என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். ஒட்டாவா வினாத்தாளில் அது தவறான விடை.

முதன்முதலாகப் பார்க்கும் மரணத்தைப் பற்றி மாணவரோடு யாரும் பேசுவதில்லை. உடலைத் துடைத்து, கட்டிவைத்து, அடுத்த நோயாளிக்குக் கட்டிலைத் தயார் செய்வதோடு ஷிப்ட் தொடர்கிறது. டியூட்டி முடிந்ததும் ஆசிரியர் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும். பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்காதது பெரிய குறை.

கல்வியில் வந்துள்ள மாற்றங்கள்

அமெரிக்காவில் 2000இல் செவிலியக் கல்லூரிகளின் சங்கமும் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையும் சேர்ந்து, வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்புக்கான ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. முதலில் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வழி. அந்தப் பாடங்கள் பின்னர் பல நாடுகளுக்குப் பரவின. உலக சுகாதாரப் பேரவை 2014இல் நிறைவேற்றிய தீர்மானமும், நோய் ஆதரவு சிகிச்சையை எல்லா மருத்துவப் பணியாளர்களின் அடிப்படைக் கல்வியிலும் சேர்க்கக் கோரியது. இந்தியச் செவிலியர் மன்றத்தின் 2021 திருத்தப் பாடத்திட்டத்தில், பி.எஸ்.சி. நர்சிங் படிப்பின் வயது வந்தோர் நலப் பாடத்தோடு இது கட்டாயப் பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது என்பதைக் கேரளம் காட்டியது. அங்கே 2008இல் மாநில அரசே நோய் ஆதரவுக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் வழியாகச் செவிலியர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். அவர்களோடு போகும் மாணவர் கற்பவை பாடநூலில் இருந்தாலும் மனதில் நிற்காதவை: வாய்ப்புற்றுப் புண்ணின் நாற்றத்தைப் போக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது, புண்ணில் புழு வைத்தால் டர்பன்டைன் எண்ணெயால் வெளியேற்றுவது, விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் சிறு ஊசி வைத்து மருந்து தருவது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க மருமகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. நாற்றம் குறைந்தால்தான் பேரக்குழந்தைகள் பக்கத்தில் வருவார்கள். அதைக் கண்ட மாணவருக்கு உடல் வலியும் உறவின் வலியும் ஒன்றோடொன்று பின்னியவை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் வீடுகளுக்குச் செல்கிறார்கள். கல்லூரிகள் தம் மாணவர்களைச் சமூக நலப் போஸ்டிங்கில் இவர்களோடு அனுப்பினால், புதிதாக எதையும் கட்டாமலே களப்பயிற்சி கிடைக்கும்.

மருந்து கிடைப்பதில் உள்ள தடையும் ஓரளவு தளர்ந்திருக்கிறது. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் இன்றியமையாதவை என வகைப்படுத்தப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒப்புதல் பெற்றால் போதும். ஒப்புதல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது அந்தந்த மருத்துவமனை. விண்ணப்பிக்காத மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் புதிய செவிலியர், தேர்வில் சரியாக எழுதிய மார்ஃபின் அளவை ஒரு நோயாளிக்கும் கொடுத்துப் பார்க்க முடியாது.