போர்ட் பாதுகாப்பு

போர்ட் பாதுகாப்பு என்பது வலையமைப்பு சுவிட்சின் ஒரு போர்ட்டில் எந்தக் கருவிகள், எத்தனை கருவிகள் இணையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதி ஆகும். கருவிகள் அவற்றின் 48 பிட் மேக் முகவரியால் இனங்காணப்படுகின்றன. இதனுடன் பயன்படும் போக்குவரத்து வடிகட்டல், இணைந்த கருவி எங்கெல்லாம் தரவு அனுப்பலாம் என்பதை வரையறுக்கிறது.

தேவை

சுவிட்ச், தன்னிடம் வரும் சட்டகங்களின் மூல மேக் முகவரிகளை ஓர் அட்டவணையில் பதிந்துகொள்கிறது. போலி முகவரிகளைப் பெருமளவில் அனுப்பி இவ்வட்டவணையை நிரப்பிவிட்டால், அதில் இடம்பெறாத முகவரிகளுக்கான சட்டகங்களைச் சுவிட்ச் அந்த விலேனின் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். இதனால் பிறரது தரவை ஒட்டுக்கேட்க இயலும். 1999 இல் எழுதப்பட்ட மேக்காஃப் என்ற நிரல் இத்தாக்குதலுக்காக அறியப்பட்டது.

அமைக்கும் முறை

சிஸ்கோ சுவிட்சுகளில் முதலில் போர்ட்டை அணுகல் நிலைக்கு மாற்றி, பின்னர் 'சுவிட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி' என்ற கட்டளையை இட வேண்டும். இயல்பாக ஒரு முகவரி மட்டுமே அனுமதிக்கப்படும். ஐபி தொலைபேசி வழியாகக் கணினி இணையும் இடங்களில் இவ்வரம்பை உயர்த்த வேண்டும். 'ஸ்டிக்கி' தெரிவு, முதலில் வரும் முகவரியைத் தானாகவே அமைவடிவில் சேர்க்கும். அமைவடிவைச் சேமிக்காவிடில் சுவிட்ச் மறுதொடக்கத்தில் அது அழிந்துவிடும்.

மீறலின்போது மூன்று வகைச் செயல்கள் உண்டு:

* புரொடெக்ட் - அயல் சட்டகங்களை அறிவிப்பின்றிக் கைவிடும்.
* ரெஸ்டிரிக்ட் - கைவிடுவதோடு மீறலை எண்ணிப் பதிவுசெய்யும்.
* ஷட்டவுன் - போர்ட்டையே முடக்கும். இதுவே இயல்பிருப்பு. முடங்கிய போர்ட்டை நிருவாகி அணைத்து மீண்டும் இயக்க வேண்டும்.

போக்குவரத்து வடிகட்டல்

அணுகல் பட்டியலின் விதிகள் மேலிருந்து கீழாக ஒப்பிடப்படும்; முதலில் பொருந்தும் விதியே செல்லும். பட்டியலின் இறுதியில் அனைத்தையும் மறுக்கும் விதி மறைவாக உள்ளது. எனவே டிஎச்சிபி (யுடிபி 67, 68), டிஎன்எஸ் (53) ஆகியவற்றை அனுமதிக்க மறந்தால் பயனர்களின் இணைப்பு செயலிழக்கும்.

குறைபாடுகள்

மேக் முகவரியை மென்பொருளால் எளிதில் மாற்றலாம். ஆகவே பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்க ஐஇஇஇ 802.1எக்ஸ் செந்தரம் பயன்படுத்தப்படுகிறது. மேலும், அனுமதி பெற்ற கணினியே தீநிரலுக்கு உள்ளானால் போர்ட் பாதுகாப்பு அதனைத் தடுக்காது. கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிய செய்திகளை அடுத்து, தன் கணினியொன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. அக்கணினி இணையத்துடன் இணைந்த நிருவாக வலையமைப்பைச் சேர்ந்தது என்றும், அது முக்கிய உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் தெரிவித்தது. இத்தகைய நிலையில் பாதிப்பு பரவாமல் காப்பவை வலையமைப்புப் பிரிப்பும் வடிகட்டலுமே ஆகும்.