பலிபீடமும் இடக்கையும்

லிந்துலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது இரண்டு கை வேலை. ஒரே கையை நம்பினால் அரைப் பேர்தான் விழும். அதே ஊரில், ஓதும் பிள்ளை இடக்கையால் அலிஃப் எழுதினால் புறங்கையில் அடி விழுவதையும் பார்த்திருக்கிறேன். கேட்டால், மார்க்கம் என்பார்கள். வலக்கையை நமக்கு முன்பே வலியுறுத்தியது யூதச் சட்டம். அது இடக்கைக்காரரை எப்படி நடத்தியது என்று பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

ஜெரூசல ஆலயத்தில் பலி செலுத்தும் உரிமை ஹாரூன் (அலை) அவர்களின் வழிவந்த ஆண்களுக்கே இருந்தது. குருடு, முடம் முதலிய குறையுடையோரை லேவியராகமத்தின் 21ஆம் அத்தியாயம் பலிபீடத்திலிருந்து விலக்குகிறது. அந்தப் பட்டியலில் இடக்கை இல்லை. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில்தான் அது சேர்கிறது. பலியின் இரத்தத்தை வலக்கையால் ஏந்த வேண்டும். இடக்கையால் ஏந்தினால் பலி செல்லாது என்பது அதன் விதி. இதிலும் ரப்பி ஷிமோன் மாறுபட்டு, செல்லும் என்றார்.

அப்படியானால் இரு கையும் ஒன்றுபோல் வழங்குபவர்? மிஷ்னாவைத் தொகுத்த ரப்பி யூதா அவரைத் தகுதியற்றவர் என்றார். மற்ற அறிஞர்கள் தகுதியுடையவர் என்றனர். தல்மூத் இதற்குத் தரும் விளக்கம் அழகானது. ஒரு தரப்பு வலக்கையில் பலவீனம் வந்துவிட்டதாகக் கண்டது. மறுதரப்பு இடக்கைக்குப் பலம் வந்திருப்பதாகக் கண்டது. மனிதர் ஒருவரே; பார்வைதான் இரண்டு.

விலக்கப்பட்டவரும் இழிந்தவராகிவிடவில்லை. குறையுடைய குரு பலிபீடத்தை அணுக முடியாதே தவிர, புனித உணவில் அவருக்கும் பங்குண்டு என்று அதே அத்தியாயம் சொல்கிறது. வேதவரிகள் அடங்கிய தோற்பேழையை யூதர் தொழுகையில் இடக்கையில் கட்டுவர். இடக்கைக்காரரோ வலக்கையில் கட்ட வேண்டும். அவருக்காகச் சட்டமே கை மாறிக்கொள்கிறது. பனூ இஸ்ராயீலை மோவாபியரிடமிருந்து மீட்டதாக பைபிள் கூறும் ஏகூத் இடக்கைக்காரர். அவர் பிறந்த புன்யாமீன் கோத்திரத்தின் பெயருக்கோ வலக்கையின் மைந்தன் என்று பொருள்!

கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை இடித்தபின் இவ்விதி ஏட்டளவில் நின்றுவிட்டது. நம்மிடையே குருமார் குலம் இல்லை. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) மதீனாவில் தொழுகை நடத்தினார்கள். உமர் (ரலி) இரு கைகளாலும் வேலை செய்தவர்கள் என்று இப்னு ஸஅத் பதிந்திருக்கிறார். வலக்கையால் உண்பது நபிவழி. நோயோ காயமோ உள்ளவருக்கு அதிலும் விலக்குண்டு என்று இமாம் நவவி எழுதுகிறார்கள்.

அந்த நபிவழியைக் கற்பித்த முறையையும் கவனிக்க வேண்டும். சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவின் கை தட்டெங்கும் அலைந்தபோது, பிஸ்மி சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னிருப்பதை உண்ணுமாறு நாயகம் (ஸல்) சொல்லிக்கொடுத்தார்கள். புகாரியில் உள்ள அந்த அறிவிப்பில் பிரம்பு இல்லை. சொல் மட்டுமே இருக்கிறது. பிள்ளையும் அன்று முதல் அப்படியே உண்டது.