கூலி தர்மமல்ல, ஹக்

நோன்பு காலம் வந்தால் நமது வர்த்தகர்களின் கைகள் தாராளமாகின்றன. கடை ஊழியர்களுக்குப் புத்தாடை, உலர் உணவுப் பொதி, சில இடங்களில் ஸகாத்திலிருந்தும் ஒரு தொகை. நல்ல காரியம்தான். ஆனால் அதே ஊழியரின் மாதச் சம்பளம் நியாயமானதா என்று நாம் கேட்பதில்லை. கூலி தொழிலாளியின் ஹக். அதை ஸதகாவால் ஈடுசெய்ய முடியாது. சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுப்பது ஸகாத்தாகவும் நிறைவேறாது.

இஸ்லாம் கூலியை ஓர் ஒப்பந்தமாகவே பார்க்கிறது. மத்யனில் மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டபோது எட்டு வருட காலமும் அதற்கான பிரதிபலனும் முன்கூட்டியே பேசப்பட்டதை ஸூரா அல்-கஸஸ் எடுத்துரைக்கிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. முழுமையாக வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக இருப்பான் என்கிறது புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸி.

நாட்டுச் சட்டமும் ஓர் அடிமட்ட எல்லையை வகுத்துள்ளது. 2016 இல் மாதம் 10,000 ரூபாவாக இருந்த தேசிய ஆகக்குறைந்த வேதனம், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். ஊழியரின் 8 சதவீதத்தைச் சம்பளத்தில் கழித்துவிட்டு வைப்பிலிடாமல் விடுவது வெறும் சட்டமீறல் அல்ல, அமானித மோசடி.

“வியாபாரம் மந்தம்” என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோது, பொருட்களின் விலையை உடனுக்குடன் மாற்றினோம். அதே வேகத்தில் சம்பளத்தை மாற்றினோமா? இக்கேள்வி வர்த்தகர்களுக்கு மட்டுமல்ல. பளிங்குத் தரைக்கும் மினாராவுக்கும் நிதி திரட்டும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், தமது இமாமும் முஅத்தினும் குடும்பம் நடத்த என்ன கொடுக்கிறோம் என்பதையும் ஜமாஅத்தின் முன் வைக்க வேண்டும்.

கொடுக்காத கூலி, முதலாளியின் செல்வத்துக்குள் கலந்திருக்கும் பிறர் சொத்து. எனவே எனது வேண்டுகோள் ஒன்றே: இம்முறை ஸகாத்தைக் கணக்கிட உட்காரும்போது, முதலில் சம்பளப் பாக்கியைக் கணக்கிடுங்கள். அதைக் கொடுத்து முடித்த பிறகு எஞ்சுவதுதான் உங்கள் செல்வம்.