தீர்ப்பு வரும் முன்பே விழுந்த கறை

தண்டனை முடிந்தால் குற்றவாளி என்ற பெயரும் முடிந்துவிடுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2014-ல் நடந்த வாக்கெடுப்பு, சிறு திருட்டு, சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருத்தல் போன்றவற்றைச் சிறுகுற்றங்களாக்கியது. தண்டனையை முடித்தவர்களும் தங்கள் பழைய தீர்ப்பைத் தரம் குறைக்கக் கோரலாம் என்றது. நம் சட்டத்தில் இப்படிப் பொதுவான வழி இல்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், 12-ஆவது பிரிவில், நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்பட்டவரைத் தகுதியிழப்பிலிருந்து காக்கிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்கு அது பொருந்தாது.

இங்கே கறை விழுவதற்குத் தீர்ப்புகூடத் தேவைப்பட்டதில்லை. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த சாதியே குற்றப் பதிவானது. மாகாணம் அதை 1947-ல் நீக்கியது. மறு ஆண்டே ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டம் வந்தது. பட்டியல் போனது, ஒரு சமூகத்தையே சந்தேகிக்கும் பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தின் கொடுமையைத் தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கண்டது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். மலையாளிப் பழங்குடியினரான 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் 15 ஆண்களும் கைது செய்யப்பட்டார்கள். வன்கொடுமைக்கு ஆளானவர்களே ‘சந்தனக் கடத்தல்காரிகள்’ என்ற பெயரோடு சேலம் சிறைக்குப் போனார்கள்.

அந்தப் பெயர் அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. கடத்தல்காரி சொல்வதை யார் நம்புவார்கள்? பாதிக்கப்பட்ட பெண்ணின் ‘நடத்தை’யைக் கேள்விக்குள்ளாக்கி அவள் சாட்சியத்தைத் தகர்க்க, சாட்சியச் சட்டமே அன்று இடம் தந்தது. அந்த விதி 2003-ல்தான் நீங்கியது. அதற்கும் முன்பே வாச்சாத்திப் பெண்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனது.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்ற நடத்தப்பட்ட நாடகத்தில் அப்பாவிப் பெண்கள் பலியானார்கள் என்றும் சொன்னது.

ஒரு பெயரைத் துடைக்க 31 ஆண்டுகள். அதுவும் அந்தப் பெண்கள் விடாமல் நீதிமன்றம் ஏறி இறங்கியதால்தான். தண்டனை முடித்தவரின் கறையை நீக்கும் சட்டம் நமக்கு வேண்டும். அதை எழுதும்போது, தீர்ப்பே இல்லாமல் சந்தேகத்தால் மட்டும் குறிக்கப்பட்ட பெண்களின் பதிவையும் அழிக்க அதில் ஒரு பிரிவு வேண்டும். மனு எழுதி அலைய வேண்டிய பொறுப்பு அவர்களுடையதாக இருக்கக் கூடாது. பெயரைக் கெடுத்த அரசே அதைச் செய்ய வேண்டும்.