கடலடியில் ஒரு லயம்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்தார் என்பதை அறியாத தமிழர் நெகிரி செம்பிலானில் மிகச் சிலரே இருப்பர். தோட்டத்து லயங்களில் அவர் படம் சுவரில் தொங்கியதை நாமே கண்டிருக்கின்றோம். ஆயின் அவர் எதில் ஏறி வந்தார், அதற்குள் எதை உண்டார், எந்தக் காற்றை மூச்சாக இழுத்தார் என்று கேட்டால் விடை கூறுவோர் அரியர். 'நீர்மூழ்கிக் கப்பலில் வந்தார்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கப்பல்களின் மாலுமிகள் அனைவரும் மூழ்கிக் கிடக்கின்றனர். அவர்களைப் பற்றியும், அவர்களுக்குப் பின் அணுவிசையால் ஓடும் நீர்மூழ்கிகளில் வேலை செய்ய வந்தவர்களைப் பற்றியும் இங்கே சிறிது எழுதக் கருதினோம்.

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து 'யூ-180' என்னும் நீர்மூழ்கி புறப்பட்டது. அதன் தலைவர் வெர்னர் மூசன்பர்க். உடன் சென்ற பயணிகள் இருவர்: ஒருவர் போஸ், மற்றவர் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். இட்லரின் கப்பலில் ஏறி இந்தியாவின் விடுதலையைத் தேடியது தகுமா என்னும் வழக்கு இன்றளவும் ஓயவில்லை. அதனை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. நம் கண் கப்பலின் உட்புறத்தின் மேலேயே இருக்கின்றது.

கப்பலின் நீளம் ஏறக்குறைய 88 மீட்டர். நீளத்தைக் கேட்டு ஏமாறுதல் வேண்டா. ஆட்கள் நடமாடும் உட்குழாயின் விட்டம் நாலரை மீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதியை எஞ்சின்களும், மின்கலங்களும், டார்ப்பிடோ என்னும் வெடிகளும் பிடித்துக்கொள்ளும். எஞ்சியிருக்கும் சந்துகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆடவர் வாரக்கணக்கில் வாழ வேண்டும். ஒருவன் வேலைக்கு எழுந்தால், அவன் படுத்த சூட்டிலேயே மற்றொருவன் வந்து படுப்பான். பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழுந்த லயத்து வாழ்வை அறிந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றுமட்டும் வேறுபாடு. லயத்துக்காரன் கதவைத் திறந்து வாசலில் வந்து நிற்கலாம்.

அக்காலத்து நீர்மூழ்கி, பெயருக்குத்தான் நீர்மூழ்கி. டீசல் எஞ்சினும் மனிதனைப் போலவே காற்றின்றி இயங்காது. ஆகவே கப்பல் பெரும்பொழுதும் நீர்மட்டத்தின் மேலேயே ஓடும். பகைவரின் விமானம் தென்பட்டால் உள்ளே மூழ்கி, மின்கலத்தில் சேமித்த விசையைக் கொண்டு மெல்ல ஊர்ந்து செல்லும். அந்த விசை ஒரு நாளளவுக்கே தாங்கும். பிறகு இருட்டு வேளை பார்த்து மேலெழுந்து, எஞ்சினை ஓட்டி, மின்கலத்தை நிரப்பி, உள்ளிருப்போரின் நுரையீரலையும் நிரப்பிக்கொண்டு மறுபடி மூழ்கும். யூ-180இல் விரைவுப் படகுகளுக்காக ஆக்கப்பட்ட எஞ்சின்கள் ஆறு பூட்டப்பட்டிருந்தன. அவை அளவுமீறிக் கொதித்தன. புகை கக்கின. எஞ்சின் அறையில் நின்றவர் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்க.

எங்கும் எண்ணெய் நாற்றம். ரொட்டி எண்ணெயில் தோய்ந்ததுபோல் இருந்தது, போர்வையும் அதே நாற்றம் வீசியது என்று ஆபித் ஹசன் பின்னாளில் எழுதிவைத்தார். நன்னீர் குடிப்பதற்கே அளந்து தரப்படும், குளிப்பதென்ற பேச்சே இல்லை. ஆழத்தில் இருக்கும்போது கழிவறையையும் பயன்படுத்த இயலாது. வெளியே அழுத்தும் கடல் உள்ளிருப்பதை வெளியேற விடாது. இந்த நரகத்தில் ஹசன் கப்பலின் சேமிப்பைத் துழாவி அரிசியும் பருப்பும் கண்டெடுத்தார். கிச்சடி சமைத்துப் போஸுக்குக் கொடுத்தார். போஸ் அதனைத் தாமே உண்ணாது ஜெர்மானிய அதிகாரிகளையும் அழைத்து விருந்திட்டார். இருப்பதோ கொஞ்சம், இவர் இப்படி அள்ளி வழங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்று ஹசன் உள்ளம் பதறினாராம். சோற்றுப் பானையின் அடியைக் கண்டவர்க்கே அந்தப் பதற்றம் விளங்கும்.

போஸ் அந்த இருட்டறையில் சும்மா இருக்கவில்லை. நூலொன்றைத் திருத்தினார், சொற்பொழிவுகளைச் சொல்லி எழுதுவித்தார், ஜப்பானியப் பிரதமரைக் கண்டு பேசுவதற்கு ஹசனை எதிரே அமர்த்தி ஒத்திகையும் பார்த்தார். பெண்களின் படையைப் பற்றிய எண்ணமும் அங்கேயே வடிவுபெற்றது. அதே வேளையில், சில அடி தூரத்தில், பெயர் எழுதப்படாத ஒருவன் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வரலாறு முதலாமவரைப் பதிந்துகொண்டது.

ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் தீவுக்குத் தென்கிழக்கே 'ஐ-29' என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி எதிர்கொண்டது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பினாங்கிலிருந்து! கடல் கொந்தளித்தது. இரு கப்பல்களும் நெருங்க முடியாமல் காத்திருந்தன. முடிவில் போஸும் ஹசனும் ஒரு சிறு ரப்பர்ப் படகில் ஏறி, நனைந்து தோய்ந்து, மறு கப்பலை அடைந்தனர். ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேரவேண்டியவரை நடுக்கடலில் தாங்கியதும் ரப்பர்தான் என்பது நமக்கு ஒரு சிறு வியப்பு. ஐ-29 பெரிய கப்பல். அதன் சமையற்காரர் பினாங்கிலே இந்திய மசாலைப் பொருள்களை வாங்கி ஏற்றியிருந்தனர். எண்ணெய் ரொட்டிக்குப் பிறகு காரமான கறி கிடைத்தபோது வீடு திரும்பியது போல் இருந்ததென்று ஹசன் மகிழ்ந்தார். மே மாதத்தில் சுமத்திராவுக்கு வடக்கேயுள்ள சாபாங்கில் கரையேறினர். ஜூலை 2ஆம் நாள் போஸ் சிங்கப்பூரில் இருந்தார்.

அதன் பின் நிகழ்ந்தவற்றை நேயர் அறிவர். தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். கழுத்துத் தாலியையும் காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணியப்போகிறதென்ற செய்தி எட்டியபோது போஸ் இருந்த இடம் நம் சிரம்பானே. ஆனால் மற்றொன்றையும் மறைக்காது கூறுதல் வேண்டும். தலைவருக்குக் கறி சமைத்துப் படைத்த அதே ஜப்பானிய ஆட்சிதான், அதே 1943இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோயிற்று. மலாயாவிலிருந்து சென்றவர் 70,000க்கு மேற்பட்டோர், அவருள் மிகப் பலர் தமிழர். திரும்பாதவர் எத்தனை ஆயிரம்! அவர்களுக்கு எந்தக் கப்பலும் எதிர்கொண்டு வரவில்லை.

போஸை ஏற்றிவந்த அவ்விரு கப்பல்களின் மாலுமிகள் என்னவாயினர்? 1944 ஜூலை 26ஆம் நாள், பிலிப்பைன்சுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றின் வெடி பட்டு ஐ-29 மூழ்கியது. ஒரே ஒருவன் நீந்திக் கரைசேர்ந்தான். அடுத்த மாதமே பிரான்சின் மேற்கே பிஸ்கே விரிகுடாவில் யூ-180 காணாமற்போயிற்று, அதிலிருந்த 56 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கிச்சடி உண்டவருள் எவரேனும் அவர்களுள் இருந்தனரோ! நம் மேடைகளில் நேதாஜியின் பயணம் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. இந்த இரு வரிகளை யாரும் சேர்த்துச் சொல்லி நாம் கேட்டதில்லை.

இனி, அணுக் கப்பலுக்கு வருவோம். யூ-180ஐ ஆட்டிவைத்த இடுக்கண் காற்று ஒன்றே என்று கண்டோம். அந்த இடுக்கண் 1955 ஜனவரியில் தீர்ந்தது. அமெரிக்கரின் 'நாட்டிலஸ்' என்னும் நீர்மூழ்கி அணுவிசையால் முதன்முறை கடலோடியது அப்போதுதான். யுரேனியத்தின் அணு பிளந்து வெப்பம் தருகிறது. வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. நெருப்பு இல்லை, ஆகவே அதற்குக் காற்றும் வேண்டா. 1958 ஆகஸ்டு 3ஆம் நாள் 116 பேருடன் நாட்டிலஸ் வட துருவத்துப் பனிப்பாறையின் அடியே கடந்து சென்றது. 1960இல் 'டிரைட்டன்' என்னும் மற்றொரு கப்பல் உலகையே நீருக்குள்ளாகச் சுற்றியது. பிடித்த காலம் 60 நாளும் 21 மணி நேரமும். இடையில் நோயுற்ற ஒரு மாலுமியை இறக்கிவிடக் கப்பலின் மேற்கோபுரத்தை மட்டும் சற்றே நீருக்குமேல் உயர்த்தினர்.

எஞ்சினுக்குக் காற்று வேண்டா, மனிதனுக்கு வேண்டுமே என்பீர். கடல்நீரைக் காய்ச்சி உப்பு நீக்கி, அந்நீரில் மின்சாரம் செலுத்திப் பிராணவாயுவைப் பிரித்தெடுக்கின்றனர். விட்ட மூச்சின் கரியமிலவாயுவை ஒரு இரசாயனக் கரைசல் உறிஞ்சிக்கொள்கிறது. இருந்தும் அந்த வாயு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பன்மடங்கு கப்பலுக்குள் தேங்கியே இருக்கும். ஆக, காற்று உண்டு, நீர் உண்டு, எரிபொருள் ஆண்டுக்கணக்கில் உண்டு. தீர்ந்துபோவது சோறு ஒன்றே. புறப்படும்போது நடைவழித் தரைமேல் டின்களைப் பரப்பி, அவற்றின் மேலேயே நடப்பர். பச்சைக் காய்கறி இரண்டொரு வாரத்தில் ஒழிந்துபோகும். பிறகு டின்னும் மாவும்தான். எத்துணைப் பெரிய ஆயுதமாயினும் அதன் பயணத்தின் எல்லையை வரையறுப்பது சமையற்கட்டின் பானையே என்பது நமக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

சூரியன் இல்லாத இடத்தில் பகலை உண்டாக்குவது வேலைமுறைதான். அமெரிக்கக் கப்பல்களில் நெடுங்காலம் ஆறு மணி நேரம் வேலை, பன்னிரண்டு மணி நேரம் பிற பணியும் உறக்கமும் என்று வைத்திருந்தனர். அதாவது அவர்களுக்கு ஒரு நாள் என்பது 18 மணி நேரம்! இன்று காலையில் உண்டவன் நாளை அதே வேளையில் உறங்கிக்கொண்டிருப்பான். உடல் தடுமாறுகிறதென்று கண்டு, அண்மை ஆண்டுகளில்தான் 24 மணி நாளுக்குத் திரும்பினர். விடியுமுன் மணியடித்துப் பெரட்டுக்கு நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, நிறை பிரித்து அனுப்பிய காலத்தை நம் முதியோர் மறந்திரார். துரையின் கடிகாரம் கதிரவனுக்கு முந்திற்று. இங்கேயோ கதிரவனே கணக்கில் இல்லை.

வீட்டுச் செய்தி மற்றொரு துன்பம். ஏவுகணை தாங்கிய கப்பல்கள் எழுபது நாள், தொண்ணூறு நாள் வரை மறைந்து திரியும். வாய் திறந்தால் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும். ஆகவே மனைவி அனுப்பும் சில வரிச் செய்தி வந்து சேருமேயன்றிக் கணவன் மறுமொழி அனுப்ப முடியாது. அச்செய்தியும் அதிகாரிகள் கண்ணுக்குத் தப்பி வராது. சாவுச் செய்தியாயின் கரை சேரும்வரை நிறுத்திவைப்பதும் உண்டு. ஊரில் தாய் இறந்து திங்கள்கள் கழித்துக் கடிதம் கண்டு அழுத முதல் தலைமுறைத் தோட்டத்தமிழரை நினைத்துக்கொண்டோம்.

கண்ணுக்குப் புலப்படாத இடரும் உண்டு. ஒவ்வொருவனும் கதிர்வீச்சை அளக்கும் ஒரு சிறு கருவியை உடலில் அணிந்திருப்பான். 1961 ஜூலை 4ஆம் நாள் வட அத்லாந்திக்கில் சோவியத்தின் 'கே-19' கப்பலில் அணுவுலையைக் குளிர்விக்கும் குழாய் உடைந்தது. மாற்றுக் குழாய் அமைக்கப்படவே இல்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் உடையும் இல்லை. எட்டுப் பேர் அந்த அறைக்குள் மாறிமாறிப் புகுந்து புதுக் குழாய் பொருத்தினர். கப்பல் பிழைத்தது. எட்டுப் பேரும் மூன்று வாரங்களுக்குள் மாண்டனர். செலவையும் நாளையும் மிச்சம்பிடித்துக் கப்பலைக் கடலுக்கு அனுப்பியவர் ஒருவர், குழாயைப் பொருத்தியவர் வேறொருவர். முகமூடியின்றிக் களைக்கொல்லி அடித்த நம் தோட்டத்துப் பெண்களுக்கும் இக்கதை அந்நியமன்று. பாராகுவாட் என்னும் அந்நஞ்சு இந்நாட்டில் முற்றாகத் தடுக்கப்பட்டது 2020 ஜனவரியில்தான். நகங்கள் கறுத்து உதிர்ந்த கைகளை நாம் பார்த்ததெல்லாம் அதற்கு முன்பு.

இந்தியாவும் இவ்வழியில் இறங்கிவிட்டது. 1988 முதல் 1991 வரை சோவியத்திடமிருந்து 'சக்ரா' என்னும் அணுக் கப்பலை வாடகைக்குப் பெற்றுத் தன் மாலுமிகளைப் பழக்கிற்று. பின்பு தானே ஆக்கிய 'அரிஹந்த்' 2009 ஜூலை 26ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அதன் அணுவுலைக்கு முன்மாதிரி செய்து, தரையிலேயே வைத்து ஓட்டிப்பார்த்த இடம் தமிழ்நாட்டுக் கல்பாக்கம். பல்லவர் கல்லிலே தேர் செதுக்கிய மாமல்லபுரத்துக்கு அருகிலேதான் அதுவும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் பங்கு அதனோடு முடியவில்லை. கடலடியில் இருப்போர்க்குச் செய்தி அனுப்பச் சாதாரண வானொலி அலை பயன்படாது, உப்புநீர் அதனை விழுங்கிவிடும். மிக நீண்ட அலைகளே சில மீட்டர் ஆழம் இறங்கும். அத்தகைய அலையை எழுப்பும் கடற்படை நிலையம் 1990இல் திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'கட்டபொம்மன்'. வெள்ளையனுக்குத் திறை தர மறுத்துத் தூக்கிலேறியவன் பெயரால், வானளாவிய கம்பங்கள் நின்று கடலை நோக்கிப் பேசுகின்றன. நீருக்கடியில், திரைக்குப் பின்னே ஒரு படுக்கையில் தன் முறைக்காகக் காத்திருக்கும் மாலுமிக்காக அந்தப் பேச்சை அவன் கப்பல் கேட்டுக்கொள்ளும். மறுமொழி சொல்லாது.