பாதி உடைந்த குறடு

1857-ம் வருடம். அமெரிக்காவின் சிகாகோ நகரம். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய மத்தியாஸ் கிளைன் என்பவர் அங்கே ஒரு சிறிய கொல்லுப்பட்டறை நடத்திக் கொண்டிருந்தார். ஒரு நாள் தந்திக் கம்பி வேலை செய்யும் லைன்மேன் ஒருவர் உடைந்த குறடு ஒன்றை எடுத்துக் கொண்டு வந்தார். இரண்டு பாதிகளில் ஒன்று முறிந்து போயிருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் நல்ல குறடு என்றால் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். தூக்கிப் போட மனசு வருமா? கிளைன் முறிந்த பாதிக்குப் பதிலாகப் புதிதாக ஒரு பாதியைக் காய்ச்சி அடித்து, பழைய பாதியோடு ரிவெட் வைத்துச் சேர்த்துக் கொடுத்தார்.

கொஞ்ச காலம் கழித்து அதே லைன்மேன் திரும்பி வந்தார். இந்த முறை உடைந்திருந்தது மற்றப் பாதி! கிளைன் அதையும் செய்து கொடுத்தார். அத்தோடு முழுக் குறடுமே கிளைன் செய்ததாகிவிட்டது. கிளைன் டூல்ஸ் நிறுவனம் தன் பிறப்பைப் பற்றி இன்றும் சொல்லிக் கொள்ளும் கதை இதுதான். நிறுவனங்கள் சொல்லும் பிறப்புக் கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கதைக்குள் ஒரு உண்மை இருக்கிறது. ஒரு குறட்டின் தரம் என்பது அதன் பலவீனமான பாதியின் தரம்தான்.

குறடு என்னவோ மிகப் பழைய சாமான். பழைய கிரேக்கப் பானை ஓவியங்களில் கொல்லர் தெய்வமான ஹெபஸ்டஸ் கையில் இடுக்கியோடு நிற்கிறார். நம் பெரும்பாணாற்றுப்படை நண்டின் காலைக் கொல்லனின் கொடிறுக்கு ஒப்பிடுகிறது. கொடிறு என்றால் குறடுதான். 1936-ல் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஒரு விவசாயி உழும்போது ஏரில் ஒரு ஓக் மரப்பெட்டி தட்டியது. மேஸ்டர்மிர் பெட்டி என்று இன்று பெயர் பெற்ற அதற்குள் சுத்தியல், அரம், ரம்பம், இடுக்கி என்று வைக்கிங் காலத்துச் சாமான்கள் இருந்தன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய டூல் பாக்ஸ்! இன்றைய வீட்டுப் பெட்டியில் இருப்பவற்றுக்கும் அவற்றுக்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த இடுக்கிகளின் வேலை பழுத்த இரும்பைப் பிடிப்பது மட்டும்தான். பிடித்துக் கொண்டால் போதும், வெட்டத் தேவையில்லை. தந்தி வந்த பிறகு நிலைமை மாறியது. கம்பத்தின் உச்சியில் ஒரு கையால் பிடித்துக் கொண்டு நிற்கிற ஆளுக்குக் கம்பியைப் பிடிக்கவும், முறுக்கவும், வெட்டவும் ஒரே சாமான் வேண்டும். அது கையில் இருக்கும்போது முறிந்தால் கம்பி மட்டுமா விடுபடும்? பிடி தவறி ஆளே கீழே வந்துவிடலாம். கடைகளில் நாம் "கட்டிங் பிளேயர்" என்று கேட்டு வாங்குவதன் வம்சம் இங்கிருந்துதான் வருகிறது.

இங்கே கொஞ்சம் கணக்கு. குறடு என்பது ஒரு ரிவெட்டில் சேர்ந்த இரண்டு நெம்புகோல்கள். ரிவெட்டிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளிக் கை அழுத்துகிறது, அரை அங்குலம் தள்ளிக் கம்பி இருக்கிறது என்றால், கையின் பலம் பத்து மடங்காகிக் கம்பியின் மேல் இறங்குகிறது. அதே பத்து மடங்கு பாரத்தை வெட்டு முனையும் தாங்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பாரமும் சேர்ந்து ரிவெட்டில் விழுகிறது. அதனால் மட்டமான குறடு முதலில் கெடுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

வெட்டு முனை கெட்டியாக இருந்தால்தான் கம்பியில் பட்டுப் பல் விழாது. ஆனால் முழுக் குறட்டையும் அவ்வளவு கெட்டியாக்கினால் கண்ணாடி போல நொறுங்கும். கொல்லரின் வித்தை இங்கேதான் இருக்கிறது. உடம்பு வளைந்து கொடுக்கும் பதத்தில், முனை மட்டும் கெட்டியாக. அந்தக் காலத்தில் பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்து இந்தப் பதத்தைப் பிடித்தார்கள். இன்று நல்ல தொழிற்சாலைகளில் மின்காந்தத் தூண்டலால் முனையை மட்டும் சூடாக்கிக் கெட்டிப்படுத்துகிறார்கள். முறை மாறியிருக்கிறது, பிரச்சினை மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உலகப் புகழ் பெற்ற இரண்டு குறட்டுக் கம்பெனிகள் குதிரைக் குளம்பிலிருந்து பிறந்தவை. 1882-ல் ஜெர்மனியில், இன்றைய வுப்பர்டால் நகரின் ஒரு பகுதியான குரோனன்பெர்க்கில், குஸ்டாவ் புட்ஷ் என்பவர் லாடம் அடிப்பவர்களுக்கான குறடுகளைச் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னால் நிப்பெக்ஸ் ஆனது. 1886-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜார்ஜ் டிஆர்மென்ட் என்ற கொல்லரும் லாடக்காரர்களுக்கான சாமான்களைச் செய்து, வண்டியில் வைத்து ஊர் ஊராக விற்றார். குதிரை போய் மோட்டார் வந்ததும் லாட வேலை படுத்துவிட்டது. படுத்துப் போகாமல் தப்பியவர்கள், குதிரையை விட்டு மெக்கானிக் பக்கம் திரும்பியவர்கள்.

டிஆர்மென்ட் கம்பெனியில் 1933-ல் ஹோவர்ட் மேனிங் என்ற இன்ஜினியர் குழாய்க்காரர்களின் பழைய தொல்லை ஒன்றைத் தீர்த்தார். வாயை அகலமாக்கிக் கொள்ளும் குறடுகள் அதற்கு முன்பே உண்டு. ஆனால் பலமாக அழுத்தினால் மூட்டு நழுவும், விரல் நசுங்கும். மேனிங் ஒரு பாதியில் வரிசையாகப் பள்ளங்களும், மறு பாதியில் அவற்றில் உட்காரும் மேடுகளும் வைத்தார். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுகிக் கவ்வும். 1934-ல் காப்புரிமை கிடைத்தது. "சேனல்லாக்" என்ற அந்தக் குறட்டின் பெயர் கம்பெனியின் பெயரையே விழுங்கிவிட்டது. 1963-ல் கம்பெனி தன் பெயரையே சேனல்லாக் என்று மாற்றிக் கொண்டது.

மூன்றாவது கதை நெப்ராஸ்கா மாநிலத்தின் டிவிட் என்ற குட்டி ஊரில் நடந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த வில்லியம் பீட்டர்சன் அங்கே கொல்லர். அடிக்கும் வேலைக்குச் சாமானைப் பிடித்துக் கொள்ள அவருக்கு மூன்றாவது கை ஒன்று தேவைப்பட்டது. 1921-ல் முதல் காப்புரிமை. 1924-ல் கைப்பிடியை அழுத்தினால் பூட்டிக் கொள்ளும் நெம்பையும் சேர்த்தார். கையை எடுத்தாலும் விடாத குறடு! "வைஸ் கிரிப்" என்று பெயர் வைத்து, காரின் பின்பெட்டியில் போட்டுக் கொண்டு போய் விவசாயிகளிடமும் மெக்கானிக்குகளிடமும் விற்றார். இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்டுபவர்களும் விமானம் செய்பவர்களும் அதை வாங்கிக் குவித்தார்கள். பட்டறை தொழிற்சாலையாக வளர்ந்தது.

பிறகு கம்பெனி கை மாறியது. மறுபடியும் மாறியது. 2008-ல் புதிய முதலாளிகள் டிவிட் ஆலையை மூடி உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டு போனார்கள். அறுநூறு பேர்கூட இல்லாத ஊரில் முந்நூறுக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. சுற்று வட்டாரத்துக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. பெயர் மட்டும் அப்படியே கடைகளில் தொடர்ந்தது, பிடியில் பொறித்திருந்த ஊரின் பெயர் போய்விட்டது. இன்றும் பழைய சாமான் சந்தைகளில் "டிவிட்" என்ற முத்திரை உள்ளதைத் தேடி வாங்குகிற அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். சீனாவில் நல்ல குறடு செய்ய முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை, தாராளமாக முடியும். பெயர் ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்றுகிறவர் மாறிவிட்டால் வாங்குகிறவர் தன் கண்ணால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவே.

இந்தியாவின் கதை தனி. 1960-களில் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டோடு தொடங்கிய தபாரியா, நாசிக்கில் குறடு செய்து நாடெங்கும் ஹார்டுவேர் கடைகளை நிரப்பியது. பல எலக்ட்ரீஷியன்களின் பையில் அதுதான் இருக்கும்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? கிளைனின் லைன்மேன் நினைவிருக்கட்டும், மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. அதே சமயம் ஒரு கையால் சுலபமாகத் திறந்து மூட வேண்டும். பிறகு மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. வெட்டு முனைகளின் நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். ஒரு காகிதத்தை வைத்து வெட்டினால் முழு முனையும் சுத்தமாக அறுக்க வேண்டும், கசக்கிக் கிழிக்கக் கூடாது. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை! வார்ப்பில் ஊற்றியதா, காய்ச்சி அடித்ததா என்றும் கேட்கலாம். அடித்ததுதான் வேண்டும். குரோம் வனேடியம் எஃகு என்று பொறித்திருந்தால் நல்லது, ஆனால் பொறிப்பது சுலபம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டுக்கு எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர் ஒன்று, ஆறு அங்குல நோஸ் பிளேயர் ஒன்று, குழாய் வேலைக்குப் பத்து அங்குலத்தில் மேனிங் வழிவந்தது ஒன்று இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். பத்துச் சாமான் அடங்கிய மலிவு செட்டை விட இந்த மூன்றும் அதிக நாள் உழைக்கும். நட்டுகளைக் கழற்ற மட்டும் கட்டிங் பிளேயரை எடுக்கக் கூடாது, மூலைகள் தேய்ந்து பிறகு ஸ்பேனரும் பிடிக்காது.

கடைசியாகக் கைப்பிடி. சிவப்பு, மஞ்சள் உறை போட்டிருந்தாலே கரண்ட் தாக்காது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். சாதாரண உறை கைக்கு மெத்தென்று இருக்கப் போட்டது, அவ்வளவுதான். கரண்ட் வேலைக்கான குறட்டில் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் இருக்கும். ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தர அளவுப்படி சோதித்தவை அவை. அது கையில் இருந்தாலும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். உறையில் விரிசல் விட்ட குறடு, 1000 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், ஆணி பிடுங்க மட்டுமே ஆகும்.